தலைமையாசிரியரை அளந்த கோல்கள்

இங்கிலாந்தில் ஒரு தலைமையாசிரியர் தம் வேலையைச் சரிவரச் செய்கிறாரா என்று அரசு கேட்கத் தொடங்கியது 1839-இல். அதுவரை அது ஊர்ப் பாதிரியாரும், பள்ளிக்கு நன்கொடை கொடுத்த கனவான்களும் பார்த்துக்கொண்ட காரியம். ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளைப் பெரும்பாலும் இரண்டு சங்கங்கள் நடத்தின. ஒன்று, ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த தேசியச் சங்கம். மற்றொன்று, பிற புராட்டஸ்டன்ட் சபையினரின் ஆதரவு பெற்ற பிரிட்டிஷ் மற்றும் அயல்நாட்டுப் பள்ளிச் சங்கம். ஒரே ஓர் ஆசிரியர், எதிரே நூற்றுக்கணக்கான பிள்ளைகள், இடையில் சட்டாம்பிள்ளைகள் என்பதுதான் இப்பள்ளிகளின் அமைப்பு. அந்த முறையின் ஒரு வேர் சென்னை எழும்பூரில் இருந்தது. அங்கே படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல், நம் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் விடுதியில் புகுத்தினார். கற்றுத் தேறிய பையன்களைக் கொண்டே மற்றவர்களுக்குக் கற்பித்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர். இத்தகைய பள்ளியில் நல்ல தலைமையாசிரியர் என்றால் கூட்டத்தை அடக்கி வைத்திருப்பவர், குறைந்த செலவில் காரியத்தை முடிப்பவர். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

பொதுப்பணம் வந்ததும் கேள்வியும் வந்தது. 1833-இல் நாடாளுமன்றம் பள்ளிக் கட்டடங்களுக்காக முதன்முறையாக 20,000 பவுண்டு ஒதுக்கி, இரண்டு சங்கங்கள் வழியாகக் கொடுத்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, அந்தப் பணம் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காக அரசவைக் கல்விக் குழு அமைக்கப்பட்டது. அதன் செயலாளர் ஜேம்ஸ் கே. முதல் ஆய்வாளர்கள் இருவர்: ஜான் ஆலன், ஹ்யூ டிரெமன்ஹீர். அரசு ஆய்வாளர் திருச்சபைப் பள்ளிக்குள் நுழைவதைப் பேராயர்கள் எளிதில் ஏற்கவில்லை. தங்கள் பள்ளிகளைப் பார்க்கும் ஆய்வாளரின் நியமனத்துக்குத் தங்கள் சம்மதம் வேண்டும் என்று 1840-இல் உடன்பாடு செய்துகொண்டார்கள். அதே ஆண்டு ஆய்வாளர்களுக்குத் தரப்பட்ட அறிவுரை, ஆய்வு என்பது கட்டுப்படுத்தும் கருவி அல்ல, உதவி செய்யும் வழி என்று சொன்னது. பின்னால் நடந்தவற்றை எல்லாம் இந்த வாக்கியத்தை அருகில் வைத்துக்கொண்டுதான் மதிப்பிட வேண்டும். முதல் நாளிலேயே சரியாகச் சொல்லப்பட்ட கொள்கை அது.

1846-இல் கே கொண்டுவந்த மாணவ ஆசிரியர் திட்டம் இந்தக் கொள்கைக்கு உருவம் கொடுத்தது. 13 வயதுச் சிறுவனோ சிறுமியோ ஐந்தாண்டுகள் ஒரு தலைமையாசிரியரிடம் தொழில் பழக வேண்டும். பகலில் கீழ்வகுப்புக்குப் பாடம் நடத்த வேண்டும். பள்ளி நேரத்துக்கு வெளியே தலைமையாசிரியரிடம் பாடம் கேட்க வேண்டும். முதலாண்டில் 10 பவுண்டு உதவித்தொகை; ஐந்தாம் ஆண்டில் அது 20 பவுண்டாக உயரும். பழக்கும் தலைமையாசிரியருக்கு ஒரு மாணவ ஆசிரியருக்கு 5 பவுண்டு, இருவருக்கு 9 பவுண்டு, அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் 3 பவுண்டு. ஆய்வாளர் ஆண்டுதோறும் வந்து மாணவ ஆசிரியர்களைச் சோதிப்பார். அவர்கள் தேறினால்தான் பணம். தலைமையாசிரியரை அவர் உருவாக்கிய ஆசிரியர்களைக் கொண்டு அளந்த அரிய காலம் இது. இதற்குப் பின் வந்த எந்தக் கோலும் அந்தப் பணியை இவ்வளவு நேராகத் தொடவில்லை.

ஆனால் செலவு ஏறிக்கொண்டே போனது. 1861-இல் மானியம் 8 லட்சம் பவுண்டைத் தாண்டியது. கிரிமியப் போருக்குப் பின் அரசு சிக்கனத்தைத் தேடிக்கொண்டிருந்தது. 1858-இல் அமைக்கப்பட்ட நியூகாசில் குழு மூன்றாண்டுகள் விசாரித்து, பள்ளிகளில் பெரும்பாலான பிள்ளைகள் எழுத்தும் கணக்கும்கூட ஒழுங்காகக் கற்பதில்லை என்றது. ஒவ்வொரு பிள்ளையையும் சோதித்து அதற்கேற்பப் பணம் தரலாம் என்றது. கல்விக் குழுவின் துணைத்தலைவராக இருந்த ராபர்ட் லோ அந்த யோசனையைப் பற்றிக்கொண்டார். தம் திட்டத்தில் கல்வி மலிவாக இல்லாவிட்டால் திறமாக இருக்கும், திறமாக இல்லாவிட்டால் மலிவாக இருக்கும் என்று அவர் நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். 1862-இல் வந்தது திருத்திய விதித்தொகுப்பு.

அதன் கணக்கு இது. சராசரி வருகையில் தலைக்கு 4 ஷில்லிங். ஆறு வயதைத் தாண்டி 200 வேளைக்கு மேல் பள்ளிக்கு வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலும் 8 ஷில்லிங். ஆய்வாளர் அந்தப் பிள்ளையை வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். 30 பிள்ளைகள் கணக்கில் தவறினால் பள்ளிக்கு 4 பவுண்டு நட்டம். பாடம் ஆறு படிகளாக வகுக்கப்பட்டது. முதல் படியில் ஓரசைச் சொற்களை வாசிக்க வேண்டும். ஆறாம் படியில் செய்தித்தாளின் ஒரு பத்தியை வாசிக்க வேண்டும். வரலாறு, புவியியல், பாட்டு எதற்கும் பணம் இல்லை.

மானியம் சட்டப்படி பள்ளியின் நிர்வாகிகளுக்கே போனது. ஆனால் பல நிர்வாகிகள் தலைமையாசிரியரின் சம்பளத்தையே அதனோடு கட்டினார்கள். மானியத்தில் இத்தனை பங்கு உமக்கு என்று ஒப்பந்தம் எழுதினார்கள். ஊரில் அம்மை பரவினாலும், அறுவடைக்குப் பிள்ளைகள் வயலுக்குப் போனாலும், மழையில் பாதை அழிந்தாலும் குறைவது தலைமையாசிரியரின் வருமானம். அவர் கையில் இல்லாத காரியங்களுக்கு அவரே தண்டம் கட்டினார். காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் போர்த்தித் தூக்கி வந்து ஆய்வாளர் முன் உட்காரவைத்த செய்திகள் அந்தக் காலத்திலேயே பேசப்பட்டன. ஆண்டு முழுவதும் ஒரே வாசகப் புத்தகத்தை ஓதி ஓதிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் வாசிப்பார்கள். கெட்டிக்காரப் பிள்ளையைப் படி தாண்டி உயர்த்துவதில் ஆதாயம் இல்லை. எப்படியும் தேறமாட்டான் என்று தோன்றிய பிள்ளைமேல் நேரம் செலவழிப்பதிலும் ஆதாயம் இல்லை. வருகைப் பதிவேட்டில் இல்லாத பிள்ளைக்கு வருகை போடும் சபலம் ஒவ்வொரு நாளும் இருந்தது.

அதே விதித்தொகுப்பு இன்னொன்றையும் கட்டாயமாக்கியது: தலைமையாசிரியர் தம் கையால் எழுதும் நிகழ்வுப் பதிவேடு. அதில் பொதுவான கருத்துகளோ சிந்தனைகளோ எழுதக்கூடாது. நடந்ததை மட்டும் குறிக்க வேண்டும். ஆய்வாளரின் அறிக்கைச் சுருக்கம் அதிலேயே படியெடுக்கப்படும். விதி அப்படி இருந்தும், தப்பிப் பிழைத்த ஏடுகளில் வருகைக் குறைவு, குளிர், பெற்றோரோடு வழக்கு, மாணவ ஆசிரியரின் சோம்பல், ஆய்வு நாள் நெருங்கும் பதற்றம் எல்லாம் வரிக்கு வரி தெரிகின்றன. இங்கிலாந்தின் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இன்றும் இவை ஏராளமாக உள்ளன. தலைமையாசிரியரைக் கண்காணிக்க ஏற்பட்ட ஏடு அவருடைய சார்பில் மிகச் சிறந்த சாட்சியாக நின்றுவிட்டது.

திட்டத்தின் மிகத் தெளிவான எதிர்ப்பாளர் ஆய்வாளர்களிடையே இருந்தே வந்தார். கவிஞரும் விமர்சகருமான மாத்யூ ஆர்னால்டு 1851 முதல் 1886 வரை பள்ளி ஆய்வாளர். சோற்றுக்கு அந்த வேலை. ஆனால் அதை அவர் அசட்டையாகச் செய்யவில்லை. விதித்தொகுப்பு வந்த ஆண்டிலேயே ஓர் இதழில் பெயர் போடாமல் அதைக் கண்டித்து எழுதினார். பின்னர் தம் ஆண்டறிக்கைகளிலும், இந்தச் சோதனை பள்ளியின் அறிவு வாழ்வை இயந்திரமாக்கிவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முன்பு ஆய்வாளர் பள்ளியைப் பார்த்தார். இப்போது பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணிவிட்டுப் போகிறார் என்பதே அவருடைய கவலையின் சாரம். அரசுக்குச் சிக்கனம் என்னவோ கிடைத்தது: 1865-க்குள் மானியம் ஏறத்தாழ 6,37,000 பவுண்டாக இறங்கியது. மாணவ ஆசிரியர்களின் எண்ணிக்கையும் கூடவே பெரிதும் சரிந்தது.

1870-இல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் தேசிய அளவில் ஒரு சங்கம் கண்டார்கள். தேர்ச்சிக்கேற்ற மானியத்தை ஒழிப்பது அதன் முதற்கோரிக்கைகளில் ஒன்று. அரசு ஒழிக்கவில்லை, ஒட்டுப்போட்டது. புதுப்பாடங்களுக்குப் பணம் சேர்த்தது. 1882-இல் தகுதி மானியம் என்று ஒன்று வந்தது: ஆய்வாளர் பள்ளியை முழுமையாகப் பார்த்து, ‘சுமார்’, ‘நன்று’, ‘மிக நன்று’ என்ற மூன்றில் ஒன்றைச் சொல்வார், அதற்கேற்பத் தலைக்கு 1, 2 அல்லது 3 ஷில்லிங். ஒரு பள்ளியை, அதன் வழியே ஒரு தலைமையாசிரியரை, ஒற்றைச் சொல்லில் அடக்கும் பழக்கம் இங்கே பிறந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பின் அது மீண்டும் எழுந்தது. தொடக்கக் கல்வியை ஆராய அரசு அமைத்த கிராஸ் குழுவின் விசாரணைக்குப் பிறகு, 1890-இன் விதிகள் தனிப்பிள்ளைச் சோதனையைப் பெரும்பாலும் கைவிட்டன. 1897-க்குள் எஞ்சியவையும் போயின.

இந்த முறை கடல் தாண்டியும் போயிற்று. சென்னை மாகாணத்தில் 1860-களிலேயே தேர்ச்சிக்கேற்ற மானியம் நடைமுறைக்கு வந்தது. திண்ணைப் பள்ளிகளைக் கல்வித்துறையின் கணக்குக்குள் கொண்டுவர அதுவே வழியாயிற்று. உபாத்தியாயருக்குத் துறையின் பாடத்திட்டத்தை ஏற்க ஒரு காரணம் கிடைத்தது. அத்துடன் ஆய்வாளர் வரும் நாளில் பிழைப்பு தொங்கும் நிலையும் கிடைத்தது. 1882-இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழு நாட்டுத் தொடக்கப்பள்ளிகளுக்கு இந்த முறையையே பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் அது கடும் எதிர்ப்பைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது இங்கே அதற்கு ஆயுள் நீட்டிக்கப்பட்டது. வைஸ்ராய் கர்சன் காலத்தில், 1904-இன் கல்விக் கொள்கைத் தீர்மானம் வந்த பிறகே இந்தியாவில் அது விலகியது.

இவை அனைத்தும் ஏழைப் பிள்ளைகளின் தலைமையாசிரியர்களுக்கு மட்டும் நேர்ந்தவை. மாத்யூ ஆர்னால்டின் தந்தை தாமஸ் ஆர்னால்டு 1828 முதல் 1842 வரை ரக்பி பள்ளியின் தலைமையாசிரியர். அவரை எந்த ஆய்வாளரும் சோதித்ததில்லை. அறங்காவலர்களுக்கு மட்டுமே அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1860-களில் அரசு அறக்கட்டளைப் பள்ளிகளின் பக்கம் திரும்பியபோது, அப்பிங்ஹாம் பள்ளியின் எட்வர்டு திரிங் மற்றத் தலைமையாசிரியர்களைத் தம் பள்ளிக்கு அழைத்தார். 1869 டிசம்பரில் கூடிய அந்தச் சிறு கூட்டமே தலைமையாசிரியர் மாநாடு என்ற அமைப்பானது. தங்கள் தொழிலைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்வோம் என்ற உரிமையை அவர்கள் காத்துக்கொண்டார்கள். ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரே பதவிப்பெயருக்கு இருவேறு நீதி. பணக்காரப் பிள்ளையின் தலைமையாசிரியர்மேல் வைத்த நம்பிக்கை ஏழைப் பிள்ளையின் தலைமையாசிரியர்மேல் வைக்கப்படவில்லை.

புதிய நூற்றாண்டில் காற்று மாறியது. 1905-இல் கல்வி வாரியம் ஆசிரியர்களுக்காக வெளியிட்ட கையேடு கட்டளைகளாக அன்றி ஆலோசனைகளாக எழுதப்பட்டிருந்தது. தொடக்கப்பள்ளிகளின் தலைமை ஆய்வாளராக இருந்த எட்மண்ட் ஹோம்ஸ், ஓய்வுபெற்ற பின் 1911-இல் ஒரு நூல் எழுதி, தாமே நடத்திய பழைய சோதனைமுறை ஆசிரியரையும் பிள்ளையையும் அடிமைப்படுத்தியது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். அவர் பதவியில் இருந்தபோது எழுதிய சுற்றறிக்கை ஒன்று, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களாக இருந்து உயர்ந்த உள்ளாட்சி ஆய்வாளர்களை இழிவாகப் பேசியது. அதுவும் அதே ஆண்டு வெளிவந்து பெரும் சர்ச்சையானது. தலைமையாசிரியரை மதிக்கச் சொன்னவரின் உள்ளத்திலும் வகுப்பு உணர்வு அவ்வளவு ஆழமாக இருந்தது.

அதன் பிறகு ஏறத்தாழ 60 ஆண்டுகள் தலைமையாசிரியர் பெரும்பாலும் தனியே விடப்பட்டார். 1944-இன் கல்விச் சட்டம் ஆய்வை வைத்திருந்தது. ஆனால் அரசு ஆய்வாளர்கள் சிலரே, பள்ளிகளோ பல்லாயிரம். உள்ளாட்சிக் கல்வி அமைப்புகளின் ஆய்வாளர்கள் நாளடைவில் ஆலோசகர்கள் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். ஒரு தலைமையாசிரியர் தம் பணிக்காலம் முழுவதும் ஒரு முழு ஆய்வைக்கூடக் காணாமல் ஓய்வுபெறலாம். பல நல்ல பள்ளிகள் இந்த நிழலில் வளர்ந்தன. சில மோசமான பள்ளிகளும் அதே நிழலில் பதுங்கின.

அந்த நிழல் கலைந்தது லண்டன் இஸ்லிங்டனில், வில்லியம் டின்டேல் தொடக்கப்பள்ளியில். 1974-இல் புதிய தலைமையாசிரியரும் ஆசிரியர்கள் சிலரும் முழுச் சுதந்திர முறையைக் கொண்டுவந்தார்கள். பெற்றோர் பிள்ளைகளை வெளியே எடுத்தார்கள். நிர்வாகக் குழுவோடு மோதல் முற்றியது. வழக்கறிஞர் ராபின் ஆல்டு நடத்திய விசாரணையின் அறிக்கை 1976-இல் வந்தது. பள்ளி சரியாக நடக்கவில்லை என்று தெரிந்தும் யார் தலையிட வேண்டும் என்பது யாருக்கும் தெளிவாக இருக்கவில்லை என்பதே அதிலிருந்து நாடு கற்ற பாடம். அதே ஆண்டு அக்டோபரில் பிரதமர் ஜேம்ஸ் காலஹன் ஆக்ஸ்போர்டின் ரஸ்கின் கல்லூரியில் பேசியபோது, பள்ளிக்குள் நடப்பது பொதுமக்களின் விவகாரம் என்பதைப் பகிரங்கமாக்கினார். 1977-இல் அரசு ஆய்வாளர்கள் பத்து நல்ல பள்ளிகளைப் பற்றி ஒரு சிற்றறிக்கை வெளியிட்டு, அவற்றின் வெற்றிக்குத் தனிப்பெருங் காரணம் தலைமையாசிரியரின் தலைமையே என்றார்கள். இந்தப் பாராட்டில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருந்தது. வெற்றி அவரால் என்றால் தோல்வியும் அவராலே என்றாகும்.

1988-இன் கல்விச் சீர்திருத்தச் சட்டம் பொதுப் பாடத்திட்டத்தையும் பொதுத் தேர்வுகளையும் கொண்டுவந்தது. வரவுசெலவைத் தலைமையாசிரியர் கையில் கொடுத்தது. அதிகாரம் பெருகியதால் கணக்குக் கேட்பதும் நியாயமானது. 1991-இன் மதிப்பீட்டு விதிகள் அதற்கு நிதானமான வழி ஒன்றை வகுத்தன. இரண்டாண்டுச் சுற்று, தலைமையாசிரியரை மதிப்பிட இருவர், அவர்களில் ஒருவராவது தாமே தலைமையாசிரியராகப் பணியாற்றிய அனுபவம் உள்ளவர். வேலை தெரிந்தவர் வேலையைப் பார்ப்பது என்ற எளிய நியாயம் அதில் இருந்தது. அது வேர்விட அவகாசம் கிடைக்கவில்லை. மறு ஆண்டே வந்த சட்டம் ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வு அமைப்பை நிறுவியது. 1992-இலேயே உயர்நிலைப் பள்ளிகளின் தேர்வு முடிவுப் பட்டியலும் வெளியாகி, செய்தித்தாள்கள் அதைத் தரவரிசையாக்கின.

1994 முதல் 2000 வரை ஆஃப்ஸ்டெட்டின் தலைவராக இருந்த கிறிஸ் வுட்ஹெட் திறமையற்ற ஆசிரியர்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசி அதன் குரலைக் கூர்மையாக்கினார். முதலில் வாரக்கணக்கில் முன்னறிவிப்பு இருந்தது. 2005-இல் அது இரண்டு மூன்று நாளாகச் சுருங்கியது. பிறகு முதல்நாள் நண்பகல் தொலைபேசி அழைப்பாயிற்று. தீர்ப்பு நான்கு சொற்களில் ஒன்றாக இருந்தது: மிகச் சிறப்பு, நன்று, முன்னேற்றம் தேவை, போதாது. கடைசிச் சொல் வந்தால் அரசுப் பள்ளி உள்ளாட்சியின் கையைவிட்டுப் போகும் என்று 2016-இன் சட்டம் விதித்தது. பெரும்பாலும் தலைமையாசிரியரும் போவார். இன்னொரு பக்கம், 2000 முதல் நிர்வாகக் குழு வெளி ஆலோசகரின் துணையோடு தலைமையாசிரியருக்கு ஆண்டு இலக்குகள் வைத்து, சம்பள உயர்வை அதனோடு இணைத்தது.

விக்டோரியா காலத்து விளைவுகள் புது உடையில் திரும்பின. ஐந்து பாடங்களில் சி அல்லது அதற்கு மேற்பட்ட தரம் பெற்றவர்களின் விழுக்காடு பட்டியலை ஆண்ட காலத்தில், சிக்கும் டிக்கும் நடுவில் நின்ற பிள்ளைகள்மேலேயே பள்ளிகளின் கவனம் குவிந்தது. பின்னாளில், தேர்வுக்கு முன் பலவீனமான பிள்ளைகளைப் பதிவேட்டிலிருந்து நைசாகக் கழிக்கும் வழக்கத்தை ஆஃப்ஸ்டெட்டே கண்டிக்க வேண்டியிருந்தது. ஏழைப் பகுதிப் பள்ளிக்கும் வசதியான பகுதிப் பள்ளிக்கும் ஒரே கோல் வைப்பது அநீதி என்பதால் 2006-இல் சூழலையும் கணக்கில் எடுக்கும் அளவை வந்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. 2016-இல் பிள்ளையின் முன்னேற்றத்தை அளக்கும் வேறொரு முறை வந்தது.

ஆராய்ச்சி இதற்குள் ஒன்றைத் தெளிவாக்கியிருந்தது. கென்னத் லீத்வுட்டும் அவருடைய குழுவும் 2006-இல் தொகுத்த முடிவுகளின்படி, பிள்ளைகளின் கற்றலில் பள்ளி செலுத்தும் தாக்கத்தில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் தலைமைக்கு. ஆனால் அந்தத் தாக்கம் மறைமுகமானது. ஆசிரியர்களின் ஊக்கம், திறமை, வேலைச்சூழல் வழியாகவே அது பிள்ளையைச் சென்றடைகிறது. அப்படியானால் ஓர் ஆண்டின் மதிப்பெண் தலைமையாசிரியரின் திறமையைக் காட்டாது. அவர் யாரை வேலைக்கு எடுத்தார், யாரை வளர்த்தார், யார் அவரிடம் தங்கினார்கள் என்பது காட்டும். 1846-இன் திட்டம் அறிந்தோ அறியாமலோ இதைத்தான் அளந்தது.

ரெடிங் நகரின் கேவர்ஷாம் தொடக்கப்பள்ளி 2009-இல் ‘மிகச் சிறப்பு’ பெற்றது. அந்தத் தரம் பெற்ற பள்ளிகளுக்கு வழக்கமான ஆய்விலிருந்து விலக்கு இருந்ததால் 13 ஆண்டுகள் யாரும் வரவில்லை. 2022 நவம்பரில் வந்தவர்கள், பிள்ளைகளின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் குறை கண்டு, பள்ளியின் ஒட்டுமொத்தத் தரத்தை ‘போதாது’ என்று இறக்கினார்கள். அறிக்கை வெளியாகும் முன்பே, 2023 ஜனவரியில், தலைமையாசிரியை ரூத் பெரி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் சாவுக்கு ஆய்வும் ஒரு காரணமாக அமைந்தது என்று மரண விசாரணை அதிகாரி அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தார். ஆய்வாளர்கள் சுட்டிய குறைகள் சில மாதங்களில் சீராகி, அந்தக் கோடையிலேயே பள்ளி ‘நன்று’ பெற்றது. திருத்தக்கூடிய ஒரு குறைக்கு ஒரு வாழ்நாள் பணி முழுவதையும் மூடும் சொல்லைச் சூட்டும் முறையை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது.

2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கான ஒற்றைச் சொல் தீர்ப்பு நீக்கப்பட்டது. 2025 நவம்பர் முதல் அதன் இடத்தில் பல தலைப்புகள் கொண்ட அறிக்கை அட்டை வந்துள்ளது. தலைமையும் நிர்வாகமும் அவற்றுள் ஒரு தலைப்பு. பிள்ளைகளின் பாதுகாப்பைத் தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகளில் ஒன்று தரப்படுகிறது. ஒரு சொல்லுக்குப் பதில் பல சொற்கள் என்பதைத் தவிர இது வேறல்ல என்று தலைமையாசிரியர் சங்கங்கள் இதை எதிர்த்துள்ளன. அவர்களின் எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது: 1840-இன் அறிவுரை கேட்ட உதவி எந்தப் படியிலும் இன்னும் இடம்பெறவில்லை.